குழிக்குப் பக்கத்தில் ஒரு குழி

சாரம், புதுச்சேரி
14-11-2007

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே குஜராத்தில் அந்த உப்புக்காற்றில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் உன் அப்பா எழுதியது, கடைசியில் அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்று ஒரு வரி போடுவார், அந்த ஒரு வரிதான் என் பங்கு. இது முழுக்க நான் எழுதுவது. அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து, மளிகைச் சீட்டுக்கு மேல் எதற்கும் பயன்படாமல் கிடந்தது, இப்போது எடுத்திருக்கிறேன். அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார், திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு டீ குடிக்க எதற்கு ஒன்றரை மணி நேரம் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கம்பெனியின் புத்தகம் போன மாதம் தபாலில் வந்தது. நீ மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாய், பின்னால் பெரிய பெரிய காற்றாடிகள். இளைத்துப் போயிருக்கிறாய், அது தனி வருத்தம். எதிர்வீட்டு ஹேமலதா காலேஜ் விட்டு வந்ததும் அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். காற்றாடியில் உண்டாகும் கரண்டை ஊர் லைனில் சேர்க்கிற சப்ஸ்டேஷனுக்கு நீ அஸ்திவாரம் எடுத்தாயாம், வெட்ட வெட்ட மணலும் தண்ணீரும் ஊறி வந்து குழி தூர்ந்துகொண்டே இருந்ததாம், உள்ளே எத்தனை மோட்டார் வைத்தும் வற்றவில்லையாம். அப்போதுதான், முன்பு மேஸ்திரியாக இருந்த உன் அப்பாவின் பழைய யோசனை ஞாபகம் வந்து, குழிக்குப் பக்கத்திலேயே அதைவிட ஆழமாக இன்னொரு குழி எடுத்து அதிலிருந்து இறைத்தாயாம், பெரிய குழி காய்ந்து காங்கிரீட் போட்டாயாம். ஹேமலதா படிக்கப் படிக்க உன் அப்பா மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகன் அவ்வளவு பெரிய வேலையை முடித்தான் என்று சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பா என்று நாலு இடத்தில் வருகிறதே, அம்மா என்று ஒரு இடத்திலாவது இருக்கிறதா பார் என்று கேட்டேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இல்லை அத்தை என்றாள். கீரைக் காம்போடு இலையையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அன்று முதல் அந்தப் புத்தகம் அவருடைய மஞ்சள் பையில்தான் இருக்கிறது. டீக்கடை அம்மாவாசை அவரைக் கண்டதும் இன்ஜினியருக்கே வாத்தியார் வந்துவிட்டார் என்று பெஞ்சைத் துடைத்துப் போடுகிறானாம். ரேஷன் கடையில் காட்டினார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனவர் அங்கே டாக்டரம்மாவுக்கும் காட்டிவிட்டு வந்தார். அதற்கு மேல் உன் கடிதம் வேறு, தை மாதம் அந்த லைனைச் சேர்க்கிற விழா, மேடையில் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள், அவர் ஐந்து நிமிடம் அந்தக் குழியைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாய். பெட்டி படுக்கையோடு சேர்த்து என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தாய். நேரு வீதியில் வெள்ளைச் சட்டைத் துணி எடுத்துத் தைத்துவிட்டார், மீசைக்கு மை பூசுகிறார். எனக்கு வயிறு எரிகிறது இளஞ்செழியா. கட்டின புருஷன் மேல் பொறாமைப்படலாமா என்று நீ கேட்பாய், படுகிறேன், மூடி மறைக்க என்னால் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படி.

நான் பிறந்த ஊர் தவளக்குப்பத்துக்குக் கிழக்கே என்று உனக்குத் தெரியும். அங்கே அந்தக் காலத்தில் குழாய் கிடையாது, மணல்மேட்டில் ஆளுக்கொரு ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொள்ளுவோம். எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது பக்கத்து வீட்டு அன்னக்கிளி என் ஊற்றுக்கு இரண்டு முழம் தள்ளி என்னுடையதைவிட ஒரு முழம் ஆழமாகத் தோண்டினாள். மறுநாள் காலையில் என் ஊற்றில் ஈர மணல்தான் இருந்தது, அவள் இரண்டு குடம் நிரப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனாள். அவள் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டேன், ஊரே கூடிவிட்டது. மூன்று வருடம் அவளோடு பேசவில்லை. பக்கத்தில் ஆழமாக ஒருத்தி தோண்டினால் என் குழி வற்றிவிடும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, வயிற்றெரிச்சலில் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் கல்யாணமாகி உன் அப்பாவோடு சித்தாள் வேலைக்குப் போனேன், அன்னக்கிளியும் பிழைப்புக்கு அதே கூட்டத்தில் வந்து சேர்ந்தாள், சட்டி சுமக்கிற இடத்தில் சண்டையாவது ஒன்றாவது, பேச ஆரம்பித்துவிட்டோம். கரண்ட் டவருக்கு அஸ்திவாரம் எடுத்த வேலை அது, எங்கள் ஊர்ப் பக்கத்து மணலிலேயே. நீ என் வயிற்றில் ஐந்து மாதம். மூன்று நாள் இறைத்தும் குழி தூர்ந்துகொண்டே இருந்தது, இன்னும் இரண்டு நாளில் முடியாவிட்டால் வேறு மேஸ்திரியைப் போட்டுவிடுவேன் என்று மின்சார ஆபீஸ் இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். குழிக்குள்ளே இறைத்தால் மணலும் சேர்ந்து வரும், பக்கத்தில் தோண்டி இறைத்துப் பார்க்கலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். பொம்பளை பேச்சைக் கேட்டு அஸ்திவாரம் எடுத்தேன் என்று ஊர் சிரிக்கவா என்று கேட்டுவிட்டுப் பெரிய மோட்டார் வாடகைக்கு எடுக்க டவுனுக்குப் போய்விட்டார். போனவர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அதற்குள் நானும் அன்னக்கிளியும் வேலையை முடித்துவிட்டோம். ஆட்களுக்குக் குடிநீர்க் கிணறு எடுக்க வாங்கிப் போட்டிருந்த சிமெண்ட் உறைகள் கிடந்தன, டவர் குழிக்குப் பக்கத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டி அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினோம். வயிற்றுப் பிள்ளைக்காரி நீ இறங்காதே என்று அன்னக்கிளிதான் உள்ளே இறங்கித் தோண்டினாள், நான் மேலே நின்று மணலை இழுத்துக் கொட்டினேன். அடியில் மணல் ஏறாமல் இருக்க இரண்டு சட்டி கருங்கல் ஜல்லி கொட்டினோம். உன் அப்பா வந்ததும் அந்த மோட்டாரை இதில் வை என்றேன். முறைத்தார். அன்னக்கிளி போட்ட சத்தத்தில்தான் வைத்தார். பொழுது சாய்வதற்குள் டவர் குழியின் அடி தெரிந்தது, கால் வைத்தால் புதையவில்லை.

மறுநாள் இன்ஜினியர் வந்து பார்த்து அசந்து போய் யாருடைய யோசனை இது என்று கேட்டார். நான் கலவைச் சட்டியோடு நாலு அடி தள்ளி நிற்கிறேன். உன் அப்பா சொன்னார்,

“நான்தான் சார். ஆளு ரெண்டு பேர வுட்டுத் தோண்டச் சொன்னேன்.”

அந்த இன்ஜினியர் சிபாரிசில்தான் அவருக்கு மின்சார ஆபீஸில் நிரந்தர வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய், இன்றைக்கு வருகிற பென்ஷனும் அதுதான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கதையைச் சொல்லுவார், நீ வாயைப் பிளந்து கேட்பாய், நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பேன். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது என்று நினைக்கிறேன், பொய் சொல்கிற முகமே இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் போன வாரம் ஐந்து நிமிடப் பேச்சை எழுத உட்கார்ந்தவர், அடுப்படிப் பக்கம் வந்து சும்மா கேட்கிற மாதிரி, அந்த உறைக்கு அடியில் நாம் என்ன போட்டோம் என்று கேட்டார். பார்த்திருந்தால்தானே தெரியும். நான் உமி என்றேன். உமியா என்றார், ஆமாம் இரண்டு மூட்டை உமி என்றேன். போய் எழுதிக்கொண்டார். பெரிய பெரிய இன்ஜினியர்கள் முன்னால் உமி என்று சொல்லி அவர் மூக்குடைபடட்டும் என்றுதான் சொன்னேன், உன்னிடம் மறைக்கவில்லை. அன்று முழுக்க மனசுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவர் குளிக்கப் போனதும் அந்தத் தாளை எடுத்துப் படித்தேன். இன்ஜினியர் பெயர், காண்டிராக்டர் பெயர், மோட்டார் வாடகைக்குக் கொடுத்தவன் பெயர்கூட இருக்கிறது. என்னைத் தேடினேன். ஆட்கள் இருவரை விட்டுத் தோண்டச் சொன்னேன் என்று அப்படியே எழுதியிருக்கிறார். அதோடு என் சிரிப்பு போய்விட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, தவளக்குப்பம் மார்க்கெட்டில் கீரை விற்கிற அன்னக்கிளியிடம் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அவள் எனக்காக ஆத்திரப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொல்கிறாள்,

“உன் தண்ணிய இழுத்துக்கினேன்னு அன்னைக்கு ஊரக் கூட்டினியே, இப்ப அதுக்குப் போயி உன் வூட்டுக்காரருக்குப் பொன்னாடையா?”

கோபமாக வந்தது. பஸ்ஸில் வரும்போது யோசித்தால் அவள் சொன்னதும் சரிதான். பக்கத்தில் ஆழமாகத் தோண்டியது முதலில் அவள், உள்ளே இறங்கியதும் அவள். என் யோசனை என்று நான் இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததில் பாதி அவளுடையது. அவள் பெயரை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் எழுதினால் உன் அப்பா செய்ததைத்தான் நானும் செய்கிறேன். அவளுக்குப் பாதியை விட்டுக்கொடுக்க இப்போதும் மனசு இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பொன்னாடை எனக்கு வேண்டாம், அது அவருக்கே இருக்கட்டும், அந்த வெள்ளைச் சட்டைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். உமியை நான் ரயிலில் ஏறியதும் ஜல்லி என்று திருத்திவிடுகிறேன், நாலு பேர் முன்னால் அவர் தலைகுனிந்தால் அது எனக்கும்தான் அசிங்கம். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. அவர் பேசி முடித்து எல்லோரும் கை தட்டியதும் நீ எழுந்து நின்று, அப்பா, அந்த இரண்டு ஆட்களின் பெயர் என்ன என்று மட்டும் கேள். பெயரைக் கேட்டால் அவர் மறைக்க மாட்டார், சொல்லிவிடுவார், இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக என்னை இந்தா, ஏ புள்ள என்றுதான் கூப்பிடுகிறார். அவர் வாயால் நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, குழியில் இறங்குவதற்கு முன் கரை இடியுமா என்று பார்த்து இறங்கு. உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்து வருகிறேன். எல்லா நலமும் பெற்று, எடுத்த வேலையெல்லாம் நிலைத்து நிற்க, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். கேட்க மறந்துவிடாதே, அன்னக்கிளி பெயரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தெருவில் அவர் குரல் கேட்கிறது, யாரிடமோ புத்தகத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அந்த இரண்டு ஆட்களில் ஒருத்தி,
உன் அம்மா அஞ்சலாட்சி