சரிதா ரேகை வைக்காத காகிதம்

அன்புள்ள செங்கமலத்துக்கு, இராமலிங்கம் முதன்முதலாகத் தன் கையாலேயே எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? மருமகள் இதை உனக்குப் படித்துக் காட்டும்போது சிரிக்காதே.

பெரம்பலூரில் நான் காவலிருக்கும் பெண்கள் இல்லத்துக்கு, புருஷன் அடித்துக் கை முறிந்த நேபாளத்துப் பெண் சரிதா வந்திருக்கிறாள். நேற்று அவனுடைய மேஸ்திரி ஒரு காகிதம் கொண்டுவந்து, "சும்மா ரேகை வைம்மா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றான். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவள் கீழே விழுந்து கை முறிந்ததாக எழுதியிருந்தது.

"நான் விழலே தாத்தா, அவன்தான் அடிச்சான்" என்றாள்.

"பெருசு, ஒனக்கு எப்பலேருந்து படிப்பு?" என்று மேஸ்திரி கேட்டான்.

"தை மாசத்துலேருந்து" என்றேன். போய்விட்டான், பயப்படாதே.

படிக்க என் பழைய கண்ணாடி வேண்டும், அதைத் தபாலில் அனுப்பாதே. நீயே எடுத்து வா.

சரிதா கூப்பிடுகிறாள். போலீசுக்குக் கொடுக்க, நடந்ததை நடந்தபடியே எழுதித் தர வேண்டுமாம். போகிறேன்.