ஆறாவது தட்டும் நீலப் பெட்டியும்

அக்டோபர் 6, திங்கள்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. காலை ஆறரைக்குக் குழாய்த் தண்ணீர், பிடித்தாயிற்று. மின் கட்டணம் கட்ட வேண்டும்.

இந்த நோட்டு இனி சபைப் பாடகர் குழுப் பைக்குள், பாஸ் என்கிற கனத்த ஆண்குரல் பாட்டுத் தாள்களுக்கு அடியில். அந்தத் தாள்களை நானே தொட்டு மாதக்கணக்காகிறது. என் மனைவி கிரேஸ் தொடமாட்டாள். இனி இங்கே அவள் கி.

நடந்தது: சனிக்கிழமை கி. ஆஸ்பத்திரிக்குக் காலை டியூட்டி போனபின், நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் யாரோ கொடுத்த முதலூர் மஸ்கோத்து அல்வாவைப் பிரித்தேன். சர்க்கரை எனக்கு எகிறிக் கிடக்கிறது, அது வேறு விஷயம். கி. நர்ஸ். ஈரமாக ஒரு தட்டைப் பார்த்தால் நான் என்ன தின்றேன் என்று சொல்லிவிடுவாள். அதனால் சமையலறைத் தட்டைத் தொடாமல் கண்ணாடி அலமாரியிலிருந்து நீலப்பூத் தட்டு ஒன்றை எடுத்தேன். தின்றேன். கழுவினேன். கை வழுக்கியது.

அந்தத் தட்டு கடையில் வாங்கியதல்ல. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதாகமத் தேர்வில் கி. முதல் பரிசாக வாங்கிய ஆறு தட்டுகளில் ஒன்று. இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாளி, எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவிக்கு. ஐயரம்மா அதை இன்னும் மறக்கவில்லை. கி. மறக்க விடவும் இல்லை.

26ஆம் தேதி ஞாயிறு மதியம் ஐயர் குடும்பத்துக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. ஐயர், ஐயரம்மா, பிள்ளைகள் இரண்டு, கி., நான். ஆறு பேர். தட்டு ஐந்து.

அதே நீலப்பூ இணையத்தில் ஒற்றைத் தட்டாகக் கிடைத்தது. ஆர்டர் போட்டுவிட்டேன். பள்ளி முகவரி கொடுக்க முடியாது. அங்கே வரும் பொட்டலங்களைத் தலைமையாசிரியையே பிரிப்பார், அவர் கி.யின் ஜெபக்குழு. வீட்டுக்குத்தான் வர வேண்டும். கி. கண்ணில் படாமல்.

அக். 9, வியாழன்

வெயில். வலது கடைவாய்ப்பல் கூசுகிறது.

தட்டு வந்தது. டெலிவரிக்காரர் இசக்கிமுத்து கேட்டுக்கு மேலே எறிந்துவிட்டுப் போய்விட்டார். நான் வந்து சேரும்போது எதிர்வீட்டு சங்கரலிங்கம் அண்ணாச்சி பொட்டலத்தைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் பிரிக்காமலே சொல்லுவார்.

"பீங்கான் தட்டு. ஒத்தத் தட்டு. ஏழு துண்டு."

வீட்டுக்குள் போய்ப் பிரித்தேன். ஏழு துண்டு.

வெளியே வந்தால் இன்னும் நிற்கிறார். "ஒத்தத் தட்டு எதுக்கு வே?"

"பள்ளிக்கூடத்துக்கு அண்ணாச்சி."

"பள்ளிக்கூடத்துல ஒருத்தர்தான் சாப்பிடுதாவளா?"

படம் எடுத்து அனுப்பினேன். மாற்றுத் தட்டு அனுப்புவார்களாம். பத்திரமாகக் கட்டுவார்களாம்.

அக். 11, சனி

இசக்கிமுத்துவை வழியில் பிடித்தேன், தபால் ஆபீஸ் முக்கில். ஸ்கூட்டரில் மூட்டை, மூட்டைக்கு மேலே மூட்டை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எறியலாமா தம்பி? ஒடையும்னு மேல கண்ணாடி டம்ளர் படம் போட்டிருந்துச்சுல்லா?"

"சார், ஒங்க கேட்டுப் பக்கம் ரெண்டு நாய் படுத்திருக்கு. வண்டிய நிப்பாட்டுனா கால்ல வருது. வீட்டுல ஆளும் இல்ல. நான் என்ன செய்ய, சொல்லுங்க. எதித்த வீட்டு அண்ணாச்சிட்ட குடுக்கட்டா?"

"அவர்கிட்ட மட்டும் வேண்டாம்."

"அவரு நல்ல மனுசனாச்சே."

நல்ல மனுசன்தான். அதுதான் பிரச்சினை. நல்ல மனுசனாகவே கி.யிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

பாதுகாப்பு ஏற்பாடுகள்:
– முகவரிக்குக் கீழே குறிப்பு: 'எறியாதீர். படியில் வைக்கவும். நாய் கடிக்காது.' (ஒன்று கடிக்கும்.)
– டெலிவரி வரும் நேரம் நாய்களுக்கு ரொட்டி, தெருக் கடைசியில்.
– கேமரா: வேண்டாம். அதில் முதலில் நான்தான் மாட்டிக்கொள்வேன்.

அக். 14, செவ்வாய்

புழுக்கம். சட்டை மாற்றியும் பயனில்லை.

மாற்றுத் தட்டு வந்தது. வரவில்லை. இரண்டும் உண்மை.

பதினொன்று இருபதுக்குச் செய்தி: ஒப்படைக்கப்பட்டது. கூடவே படம். எங்கள் படி, படியில் பொட்டலம், ஓரத்தில் ஒரு கால். நீல வார்ச் செருப்பு. தலைமையாசிரியையிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். படியில் ஒன்றுமில்லை. நாய் மட்டும், நான் போட்ட ரொட்டியோடு.

கி.க்கு இன்று வார விடுமுறை, உள்ளேதான் இருந்தாள். அவளிடம் கேட்க முடியாது. கேட்டால் என்ன பார்சல் என்பாள்.

"என்னங்க, இந்நேரத்துல வந்திருக்கிய?"

"பல் வலி."

கிராம்புத் தைலம் தடவிவிட்டாள். கூசிய பல் அதோடு சேர்ந்து நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

அக். 15, புதன்

நாள் முழுக்கக் காலாகப் பார்த்தேன். நீல வார்ச் செருப்பு போட்டவர்கள்: பால்காரர், இஸ்திரி போடுபவர், முனை வீட்டு வாத்தியாரின் மனைவி, சபை ஐயர் (!), சங்கரலிங்கம் அண்ணாச்சி.

அண்ணாச்சி காலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் போல. "என்ன வே, என் காலையே பாக்கீரு?" என்றார். சும்மா என்றேன். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது அவருக்கு.

மூன்றாவது தட்டுக்கு ஆர்டர். தீபாவளிக் கூட்டம், 24ஆம் தேதிதான் வருமாம். ஞாயிறுக்கு இரண்டு நாள் முந்தி. இதுவும் போனால் தொலைந்தேன்.

அக். 16, வியாழன்

அரை நாள் லீவு. பேட்டை. மைதீன் பாய் வெல்டிங் பட்டறை.

கேட்டது: கேட்டில் மாட்டுவதற்கு ஓர் இரும்புப் பெட்டி. மேலே வாய், உள்ளே சரிவுத் தகடு. போட்டால் பைய வழுக்கி விழ வேண்டும், கை விட்டு எடுக்க முடியக் கூடாது. அடியில் மெத்தை. பூட்டு.

"காணிக்கைப் பெட்டி மாதிரின்னு சொல்லுங்க சார். நம்ம கோயில் உண்டியலும் செய்யுதோம், சர்ச்சுக்கும் செய்யுதோம். போன மாசம் ஒரு சபைக்கு, வேண்டுதல் சீட்டு போடுத ஜெபப் பெட்டி செஞ்சேன். அதே அச்சு இருக்கு, வாய மட்டும் அகலமாக்கித் தாரேன்."

சரி என்றேன். வேலையில் கெட்டிக்காரர். இரண்டு நாளில் தருகிறாராம்.

அக். 18, சனி

பெட்டி வந்தது. வான நீலம். முன்பக்கம் நடுவில் வெள்ளைச் சிலுவை, ஒரு சாண் உயரம்.

பாய்க்குப் போன் போட்டேன்.

"நீங்க வேதக்காரவ. சிலுவை இருந்தா எந்தத் திருடனும் தொடமாட்டான். அதுக்குத் துட்டு வேண்டாம், நான் ஆசையா வச்சது."

அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். கேட்டில் மாட்டிவிட்டேன்.

கி. வந்து பார்த்தாள். "இது எதுக்கு?"

"தெருவுல பார்சல் திருட்டு ஜாஸ்தியாயிட்டு."

"அப்படியா? யாரு திருடுதா?"

"அதான் தெரியல."

பெட்டியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள், சத்தமாக.

அக். 19, ஞாயிறு

ஆராதனை. பாஸில் ஒரு வரி தப்பாகப் பாடினேன், யாரும் கவனிக்கவில்லை.

சபை முடிந்து ஜனம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். மாலையில் பெட்டியைத் திறந்து மெத்தையைச் சரிபார்க்கலாம் என்று பார்த்தால், உள்ளே சீட்டுகள். ஒன்பது. எட்டில் பெயர் இல்லை, வேண்டுதல் மட்டும்.

'முழங்கால் வலி தீர, மாடிப்படி ஏற.'
'மகனுக்குக் கூடங்குளத்தில் வேலை நிரந்தரமாக.'
'என் மருமகளின் வாயை ஆண்டவர் காத்துக்கொள்ள.'
'என் மாமியாரின் வாயை ஆண்டவர் காத்துக்கொள்ள.' (அதே வகை நோட்டுத் தாள். ஒரே வீடு.)

சிரித்தேன். முழங்கால் சீட்டை மறுபடி வாசித்தபோது சிரிப்பு போய்விட்டது. யாரோ நம்பிப் போட்டிருக்கிறார்கள், உள்ளே இருப்பது நான். கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஜெபம் பண்ணினேன். எனக்காகப் பண்ணியே நாளாயிற்று.

ஒன்பதாவது சீட்டு மட்டும் மனு மாதிரி:

'பெறுநர்: சாமி. பொருள்: சந்தேகம் நீக்கக் கோருதல். எதிர்வீட்டுக்காரர் என்னைத் திருடன் என்று நினைக்கிறார். என் காலைப் பார்க்கிறார். நான் பார்சல் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க ஒரு பொட்டலம் குறைந்ததில்லை. அவருக்கு நல்ல புத்தி கொடுக்கவும். நான் வேறு கோயில்தான், இருந்தாலும் பெட்டி பக்கத்தில் இருந்ததால்.'

வெட்கம். அப்படியொரு வெட்கம்.

அக். 20, திங்கள். தீபாவளி

காலையில் வெடிச் சத்தம், நாய்கள் எங்கள் கட்டிலுக்கு அடியில். கி.யே உள்ளே விட்டிருக்கிறாள்.

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முறுக்கு கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. பெட்டி வேலை செய்கிறது என்று நினைத்திருப்பார்.

வாசல் வரை வந்து, "ஒரு வார்த்தை மட்டும் சொல்லுதேன் வே. அந்தப் பார்சல் சேர வேண்டிய ஆள் கைக்குத்தான் சேந்திருக்கு. அதுக்கு மேல கேக்காதீரும்" என்றார்.

ஆன்மீகமாகச் சொல்கிறார் போலிருக்கிறது. நான்கு முறுக்கு. (கி.யிடம் ஒன்று என்றேன்.)

அக். 24, வெள்ளி

மழை, கடைசியில். தெருவெல்லாம் சேறு.

மாலை வீடு திரும்பினால் பெட்டி காலி. சுவருக்கு உள்பக்கம், துவைக்கிற கல்லின்மேல் பொட்டலம். தூக்கியதுமே துண்டுகள் உரசுவது எனக்கே கேட்டது, அண்ணாச்சி தேவைப்படவில்லை.

இசக்கிமுத்துவுக்குப் போன். கத்தினேன், உண்மையிலேயே கத்தினேன். பெட்டி வைத்திருக்கிறேனே, கண் தெரியவில்லையா என்று.

"சார், அது சாமிப் பெட்டி. சிலுவை போட்டிருக்கு. அதுக்குள்ள போயி பார்சலத் திணிக்க எனக்கு மனசு வரல. பாவம் வந்து சேரும். அதான் கும்பிட்டுட்டு சுவத்துக்கு மேல எறிஞ்சேன்."

கும்பிட்டுவிட்டு எறிந்திருக்கிறார்.

தட்டு ஐந்து. ஆள் ஆறு. நாளை மறுநாள்.

அக். 25, சனி

இரவெல்லாம் தூறல். நானும் தூங்கவில்லை.

யோசித்த பொய்கள்: பூனை. பூகம்பம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை உபவாசம், தட்டே வேண்டாம் (ஆட்டுக்கறி சொல்லியாயிற்று, கி. நம்பமாட்டாள்).

பத்து மணிக்குப் பெட்டியைக் கழற்றப் போனேன். உள்ளே ஒரே ஒரு சீட்டு. ஆஸ்பத்திரியில் காய்ச்சல் குறிக்கிற தாளின் பின்பக்கம். கையெழுத்து எனக்குத் தெரியும்.

'ஆண்டவரே, என் வீட்டுக்காரர் ஒரு தட்டை உடைத்துவிட்டு மூன்று வாரமாகப் படாத பாடு படுகிறார். எனக்கு அன்றைக்கே தெரியும். குப்பையில் துண்டு, துண்டில் எறும்பு. அல்வாவும் தெரியும். ஒரு தட்டுக்காக என்னைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிறாரே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் வாயால் சொல்ல நாளை மதியம் வரை தைரியம் கொடும். சொன்னால் தட்டு. சொல்லாவிட்டால் அவருக்கு மட்டும் வாழை இலை.'

மழையிலேயே நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

சமையலறையில் கி. பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காலில் நீல வார்ச் செருப்பு. வருடக் கணக்காக அதைத்தான் போடுகிறாள். ஊர்க் காலையெல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

"கிரேஸ், ஒரு தட்ட உடச்சிட்டேன்."

பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தட்டு மட்டுந்தானா?"

"மஸ்கோத்தும் தின்னேன்."

"எத்தன துண்டு?"

"ரெண்டு."

"ஏங்க."

"அஞ்சு."

எழுந்து போனாள். அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து அந்தப் 14ஆம் தேதிப் பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரிக்கவேயில்லை, ஒட்டின டேப் ஒட்டினபடி. "நீங்களே பிரிங்க" என்றாள். பிரித்தேன். முழுத் தட்டு. கீறல்கூட இல்லை.

"நான் என்ன புலியா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது, பூண்டில் அப்படி வராது. இல்லை என்றேன். மீதிப் பூண்டை நான் உரித்தேன்.

அக். 26, ஞாயிறு

மழை விட்டு வெளிவாங்கல். ஆறு பேர், ஆறு நீலப்பூ. ஐயரம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கி. அவருக்கு இரண்டு தரம் கறி வைத்தாள், தட்டு நன்றாகத் தெரியும்படி ஓரமாக.

தீர்மானம்: பார்சல்கள் இனி சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு. இப்போதே பதிவேடு போட்டுவிட்டார், கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பாராம். பெட்டி ஜெபத்துக்கே இருக்கட்டும், சீட்டுகளை வாரா வாரம் சபையில் சேர்த்துவிடுங்கள் என்று ஐயர் சொல்லிவிட்டார். ஜெபக்குழுவுக்கு வாசிக்க வேண்டுமாம்.

போகும்போது ஐயரம்மா கேட்டருகே நின்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். மடித்தார். உள்ளே போட்டார்.

அவர்கள் தலை மறைந்ததும் திறந்தோம், இரண்டு பேரும்.

'இந்த வருடம் வேதாகமத் தேர்வில் எனக்கு முதல் பரிசு கிடைக்க.'

"எல்லாச் சீட்டுக்கும் ஜெபம் பண்ணுதியளாமே?" என்றாள் கி.

"ஆமா."

சீட்டை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, அவள் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத நான் பாத்துக்கிடுதேன்."