இல்லையென்று வாசித்த கடிதம்

14 ஜனவரி 2025, செவ்வாய்

தைப்பொங்கல். பால் பொங்கும் நேரம் பார்த்து எங்கள் நகரசபையான கொம்யூன் அனுப்பிய உதவிக்காரி வந்துவிட்டாள். இந்த மாதத்தில் இது ஒன்பதாவது முகம். நல்ல பிள்ளைதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உடுப்பைக் கழற்றப் போனதும் அருள்நாயகி கையைத் தட்டிவிட்டுக் கத்தினாள். பாரிசவாதம் வந்து மூன்று மாதம். வலக் கை போனது. முப்பத்தெட்டு வருடம் பேசிய டேனிஷ் முழுதாகப் போனது. தமிழ் மிச்சம் இருக்கிறதாம், டொக்டர் சொல்கிறார். இருந்தால் கட்டின புருசனோடு ஒரு சொல் கதைக்க வேண்டாமா? தலையாட்டுகிறாள், அவ்வளவுதான்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

17 ஜனவரி, வெள்ளி

எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிடும் கொம்யூன் அதிகாரி வந்தார். அவர்களுடைய ஆட்களையே வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் தனியார் கம்பனி ஒன்றைத் தெரிவு செய்யலாம் என்றார். எங்களுக்கு இரண்டும் இலவசம். பட்டியலில் உள்ள ஒரு சின்னக் கம்பனியில் தமிழ்ப் பெண் வேலை செய்கிறாளாம்.

மகள் ரஜிதா ஓர்ஹூஸிலிருந்து தொலைபேசியில் சண்டை, வழக்கம்போல டேனிஷில். கம்பனி நாளைக்கே மூடலாம், கொம்யூன் மூடுமா என்று கேட்டாள். நியாயம்தான். ஆனால் தாய் கத்துகிற சத்தம் ஓர்ஹூஸுக்குக் கேட்காது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

3 பெப்ரவரி, திங்கள்

வினோதா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்து, “அன்ரி, சூடு காணுமோ எண்டு ஒருக்கா தொட்டுப் பாருங்கோ” என்று தண்ணீரை நீட்டினாள். அருள்நாயகி இடக் கையால் தொட்டுப் பார்த்தாள். கத்தவில்லை.

நான் குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதேன்.

6 பெப்ரவரி, வியாழன்

இன்று “பிள்ளை” என்றாள். எனக்கல்ல, வினோதாவுக்கு. பிறகு, “சூடு காணும்.” போதுமாம்.

ரஜிதாவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு கம்பனியைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

குளியலறைக்குள் கதைச் சத்தம். நான் கிட்டப் போனால் நின்றுவிடுகிறது. என்ன கதை என்று வினோதாவைக் கேட்டேன். “பழைய கதையள், அங்கிள்” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

12 பெப்ரவரி

பழைய கதை என்றால் எது?

14 பெப்ரவரி, வெள்ளி

கதவோரம் நின்று கேட்டேன். வெட்கங்கெட்ட வேலைதான். ஆனாலும் கேட்டேன். ஒவ்வொரு சொல்லாக விழுந்தது. “எனக்கும்... உந்த வேலை. படிக்க இடம் கிடைச்சது. இவர்... இல்லையெண்டு வாசிச்சார்.”

அவளுக்குத் தெரியும். கடவுளே, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

15 பெப்ரவரி, சனி

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

1995. அருள்நாயகி டேனிஷ் வகுப்பு டீச்சரின் உதவியோடு முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் வந்தது. அந்த நாளில் அவளுக்கு டேனிஷ் பேச வரும், அரசாங்கக் கடிதம் வாசிக்க வராது. நான்தான் வாசிப்பேன். இடம் கிடைத்திருந்தது. “இல்லையெண்டு எழுதியிருக்கு” என்றேன். “ஓ” என்றாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிள்ளைக்கு நாலு வயது, இரவு வேலை வரும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொன்னேன். எல்லாம் பொய். என் பெண்சாதி ஊரான் வீட்டுக் கிழவன்மாரைக் குளிப்பாட்டுவதா என்ற ரோசம். அது மட்டும்தான்.

அவள் என்னோடு மீன் தொழிற்சாலைக்கு வந்தாள். பத்தொன்பது வருடம் அந்தக் குளிரில் நின்றாள். ரஜிதா படிக்கிற காலத்தில், அம்மா இந்த நாட்டில் எதையுமே படிக்க முயலவில்லை என்று குத்திக் காட்டுவாள். அப்போதும் நான் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அருள்நாயகிக்கு யார் சொன்னது? எப்போது? ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை?

வினோதாவின் மாமியார் மேரிகிறேஸ் காதில் இது விழுந்தால் போதும். எஸ்பியர்க் தமிழர் மத்தியில் நான் தலைகாட்ட முடியாது.

17 பெப்ரவரி, திங்கள்

கொம்யூனுக்குத் தொலைபேசி எடுத்தேன். தனியார் வேண்டாம், பழையபடி உங்கள் ஆட்களே வரட்டும் என்றேன். மார்ச் முதலாம் திகதி மாற்றுகிறார்கள். ரஜிதா சொன்னதுதான் சரி, சின்னக் கம்பனியை நம்ப முடியாது.

என்ன எழுதுகிறேன்! இந்தக் கொப்பியிலுமா பொய்?

20 பெப்ரவரி, வியாழன்

வினோதாவுக்குக் கம்பனி அறிவித்துவிட்டது. “நான் ஏதும் பிழை விட்டனானோ, அங்கிள்?”

“இல்லைப் பிள்ளை.”

“அன்ரிக்குச் சொல்லிப்போட்டியளோ?”

சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன செய்வாள்? திரும்பவும் “ஓ” என்பாளா?

24 பெப்ரவரி, திங்கள்

அதிகாரி அழைத்தார். சும்மா உறுதிப்படுத்தத்தான். தெரிவு செய்யும் உரிமை உங்கள் மனைவியுடையது, இது அவருடைய விருப்பம்தானா என்று கேட்டார்.

“ஓம்” என்று பதில் சொன்னேன், டேனிஷில்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்கு வந்த கேள்வி. அவளைக் கேட்காமல் மறுபடியும் நானே வாசித்துச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, புத்தியில்லை என்று சொல்லலாம். இப்போது எழுபத்தொன்று.

26 பெப்ரவரி, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. அருள்நாயகி என் சாப்பாட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

27 பெப்ரவரி, வியாழன்

கொம்யூன் திறந்த உடனே அழைத்தேன். நான் சொன்னது பொய், மனைவியைக் கேட்கவே இல்லை என்றேன். அதிகாரி, சரி, வினோதாவே தொடர்ந்து வரட்டும், அடுத்த கிழமை நான் நேரில் வந்து உங்கள் மனைவியையே கேட்கிறேன், வினோதாவும் பக்கத்தில் இருக்கட்டும் என்றார். நான் பக்கத்தில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

28 பெப்ரவரி, வெள்ளி

வினோதா தண்ணீர் எடுத்து வைத்ததும் நானும் உள்ளே போனேன். அவள் வெளியே போகப் பார்த்தாள். நில் பிள்ளை என்றேன். வினோதா முன்னால் சொல்லாவிட்டால் அது சொன்னதாகாது.

“அந்தக் கடிதத்தில இடம் கிடைச்சதெண்டுதான் இருந்தது. பொய் சொன்னது நான்.”

வினோதா துவாயைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தாள். அருள்நாயகி என்னைப் பார்த்தாள். சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள்.

“டீச்சர் சொன்னவ. கடையில கண்டு. அடுத்த வருசம்.”

இருபத்தொன்பது வருடம். அத்தனை நாளும் எனக்குச் சோறு போட்டாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இடக் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“ரஜிதாவுக்கும் சொல்லுங்கோ.”

நாலரை மாதத்தில் என்னோடு அவள் கதைத்தது இவ்வளவுதான்.

ரஜிதா நாளைக்கு வருகிறாள். பதினொரு மணி ரயில்.