தொண்ணூற்றேழு டிகிரி

அன்புள்ள கொக்கிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா என்று மட்டும் எழுது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கல்லூரியில் யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கொக்கி போடுவாய். உன்னோடு சேர்ந்து ஆய்வகத்தில் நான் வாங்கிய திட்டு கொஞ்சமா? அதனால்தான் எங்கள் பள்ளிக்குச் செய்முறைத் தேர்வு நடத்த நீ வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வகுப்பில் எதையும் துருவித் துருவிக் கேட்பவள் தையற்காரர் மகள். அவளைக் கூப்பிட்டு, வருகிறவர் என் சிநேகிதி, பயப்படாமல் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுது என்று நான்தான் சொன்னேன்.

தண்ணீரின் கொதிநிலையைக் காண வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழைத் தாண்டவில்லை. அந்த மேசையில் நாலு பேருக்கும் அந்த ஒரே தெர்மாமீட்டர்தான். மற்ற மூவரும் சமர்த்தாக நூறு என்று எழுதிவிட்டுப் போனார்கள். இவள் தொண்ணூற்றேழு என்றே எழுதினாள். அதோடு விட்டாளா? ஆய்வக உதவியாளரிடம் பனிக்கட்டி கேட்டு வாங்கி, அதிலும் வைத்துப் பார்த்தாள். பூஜ்யத்துக்குக் கீழே மூன்று. கருவிதான் மூன்று குறைத்துக் காட்டுகிறது என்று நாலு வரி எழுதிவைத்தாள்.

போன வாரம் விடைத்தாள்கள் திரும்பி வந்தன. தொண்ணூற்றேழை அடித்து நூறு என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலு வரிக்குக் குறுக்கே "தேவையற்றது". மூவருக்கும் முழு மதிப்பெண், இவளுக்குப் பாதிகூட இல்லை. தேர்வன்று மத்தியானம் என் வீட்டில் என் கையால் சாப்பிட்டாய். இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போனில் கேட்டால், விடைக்குறிப்பில் நூறுதானே இருக்கிறது, நான் என்ன செய்யட்டும் என்கிறாய். அடிப்பாவி, நீயா இப்படிப் பேசுவது? வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

நேற்று வகுப்பில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "என்ன எழுதணும்னு சொல்லிடுங்க மிஸ், எழுதிடறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அறிவியல் பிரிவு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் படிவமும் வாங்கி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மதிப்பெண்ணைத் திருத்த உன்னால் முடியாது என்றால் போகட்டும். அவளுக்கு ஒரு வரி எழுது, நீ பார்த்தது சரி என்று. உன் கையெழுத்திலேயே இருக்கட்டும். நான் சொன்னால் இனி அவள் நம்பமாட்டாள்.

உன்னை இன்னும் வெறுக்கத் தெரியாத,
உன் சிநேகிதி