பீச்சாங்கைக்கு எத்தனை சாட்சி?

1938, ஆவணி 20

இன்று கத்தரிக்காய்க் குழம்பு தீய்ந்தது. காரணம் மனோதத்துவம்.

பயிற்சிப் பள்ளி நூல்நிலையத்திலிருந்து சீமைச் சஞ்சிகைக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்து அடுப்படியிலேயே படிக்க உட்கார்ந்தேன். நாளைக்கு வாத்தியாரம்மா ஆகப்போகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். சொந்தப் பெண்ணுக்கு ஒரு வழி தெரியவில்லை.

கயலுக்கு ஐந்து வயது. எதையும் இடக்கையால்தான் எடுப்பாள். விஜயதசமியன்று அரிசியில் எழுத வைக்க வேண்டும். அதற்குள் கையைத் திருத்துகிறேன் என்று, எங்களோடு இருக்கும் என் நாத்தனார் சின்னத்தாய் மதினி, அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுகிறார். கட்டத் தொடங்கியதிலிருந்து பிள்ளைக்குத் திக்குகிறது. என்னைக் கூப்பிடுவதுகூட "அ-அ-அம்மா" என்றுதான் வருகிறது.

"பீச்சாங்கையால எழுதுனா சரஸ்வதி வாசலோட திரும்பிப் போயிருவா" என்கிறார் மதினி.

இவரைக் கேட்டால், "அக்கா பேச்சையும் தள்ள முடியல, ஒம் பேச்சையும் தள்ள முடியல. சாட்சி கொண்டா, தீர்ப்புச் சொல்றேன்" என்கிறார். வக்கீல் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டால் வேறென்ன பேச்சு வரும்!

ஆவணி 22

கிடைத்துவிட்டது! இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றினால் திக்குவாய் வரும் என்று ஒரு டாக்டர் ஆணி அடித்த மாதிரி எழுதியிருக்கிறார். இவர் கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எம்புட்டுப் பிள்ளைகளப் பாத்தாராம்?"

புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. மூளை இப்படி இருக்கிறது, ஆகையால் நாக்கு அப்படி ஆகும் என்று நாற்காலியில் இருந்தபடியே யோசித்து எழுதியது.

"இது வக்கீல் வாதம், அகிலா. நல்லாத்தான் பேசுறாரு. சாட்சி எங்க?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

ஆவணி 25

சஞ்சிகைக் கட்டில் இரண்டாவது வியாசம். ஒரு தையற்காரர் மகனின் கதை. கையைக் கட்டினார்கள், திக்கினான், அவிழ்த்தார்கள், சரியானான். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவர் கூடவே இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"கண்ணால பாத்த சாட்சிதான்" என்றார் இவர். "ஆனா ஒத்தச் சாட்சியாவுல்ல இருக்கு."

ஆவணி 28

மூன்றாவதில் பல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பக்கம் பக்கமாக அட்டவணை. துள்ளிக் குதித்துப் படித்தால், கை மாற்றிய பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகத் திக்கவில்லையாம்! சாட்சாத் மதினி கட்சி.

ஒளித்து வைத்துவிடலாமா? அரிசிப் பானைக்குள்கூட இடம் பார்த்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு எதிரான சாட்சியை நானே கூண்டில் ஏற்றினேன்.

"ஊர் பூராவும் விசாரிச்சிருக்காக. கனமான சாட்சி" என்றார்.

ஆவணி 29

கயல் இன்று தண்ணீர் கேட்கவில்லை. செம்பைக் காட்டினாள். பேசவே பயம் பிள்ளைக்கு. என்னத்தப் படிச்சு என்னத்த— ஒன்றும் எழுத ஓடவில்லை.

புரட்டாசி 2

நான்காவது வியாசம் எழுதியவர் புதிதாக எந்தப் பிள்ளையையும் பார்க்கவில்லை. எல்லோருடைய வியாசங்களையும் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். 'நிரூபணம் ஆகிவிட்டது' என்று சொன்னவர்களில் பாதிப் பேர், ஒரு பிள்ளையையும் பார்க்காத என் பழைய டாக்டரைத்தான் கைகாட்டுகிறார்களாம்! அட்டவணைக்காரரும், கையைக் கட்டி மாற்றினார்களா, கொஞ்சி மாற்றினார்களா என்று கேட்கவில்லையாம். ஆகையால் இப்போது முடிவு சொல்வதற்கில்லை. அந்தந்தப் பிள்ளையைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

"இதுதான் தீர்ப்பு" என்றார் இவர்.

"தீர்ப்பு எங்கங்க? வாய்தா போட்டிருக்காரு!"

விழுந்து விழுந்து சிரித்தோம். "சரி, நம்ம வீட்டுலயே விசாரிப்போம். கட்ட அவுத்துப் பாப்போம்" என்றார். மதினியிடம் யார் சொல்வது? இருவரும் விட்டத்தைப் பார்த்தோம்.

புரட்டாசி 4

மதுரை மீனாட்சி கண் திறந்தாள். தன் மகள் வளைகாப்புக்கு மதினி சோழவந்தான் போய்விட்டார். வண்டி தெரு முனை திரும்புமுன் துணியை அவிழ்த்தேன்.

புரட்டாசி 9

காக்கா வடை திருடிய கதையைக் கயல் மூச்சு விடாமல் சொன்னாள்! ஒரு திக்கல் இல்லை. நான் அவளைத் தூக்கிச் சுற்றினேன்.

"கட்ட அவுத்ததாலயா, அக்கா ஊருக்குப் போனதாலயா?" என்றார் இவர்.

அட சொக்கநாதா! ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். இரண்டையும் சேர்த்தல்லவா மாற்றிவிட்டேன்!

நாத்தனாரைச் சீக்கிரம் வரச்சொல்லிக் கடுதாசி போட்டவள் மதுரைச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புரட்டாசி 13

மதினி வந்தார். மறைக்காமல் எல்லாம் சொன்னேன், அவர் கட்சி சாட்சியையும் சேர்த்து. "விஜயதசமி வரைக்கும் கட்டாம இருங்க மதினி. நீங்க வீட்ல இருக்கையில திக்குதான்னு நீங்களே பாருங்க. திக்குனா நீங்களே கட்டுங்க."

"அம்புட்டு இங்கிலீசு படிச்சும் கடைசியில எங் கண்ணத்தான் நம்பணுமாக்கும்?" முகத்தை நொடித்தார். ஆனால் துணியைத் தேடவில்லை.

கயல் தூணைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு மெல்ல வந்து, "அத்தை, முறுக்கு கொண்டாந்தியா?" என்றாள்.

சுத்தமாக. ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை.

மதினி பையைத் துழாவினார், துழாவினார், துழாவிக்கொண்டே இருந்தார். முறுக்கு மேலாகத்தான் இருந்தது.

விஜயதசமி

தாம்பாளத்தில் அரிசி. இவர் மடியில் கயல். மதினி போட்ட ஒரே நிபந்தனை, சுண்டலைச் சோத்தாங்கையில்தான் வாங்க வேண்டும். சரி என்றோம்.

கயல் இடக்கையை நீட்டியதும் மதினி கொலுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பாக்கல. எவளாவது கேட்டா சோத்தாங்கையின்னுதான் சொல்வேன்."

"அக்கா பொய்ச்சாட்சிக்கே தயாராயிட்டா" என்று இவர் என் காதில் சொன்னார்.

'அ' கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷம்தான். வகுப்பில் இதைச் சொல்வேன். ஒரு பிள்ளை, ஒத்தச் சாட்சி, ஊருக்குத் தீர்ப்பு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

புரட்டாசி 24

மதினிக்குத் தலைவலி. கயல் காலையிலிருந்து வாயை மூடவில்லையாம். தைலம் கேட்டார்.