பதினோரு அடிச் சறுக்கல்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உன் பரீட்சை ரிசல்ட் வந்த நாளிலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

டென்னிஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் செம்மண்ணைச் சமன்படுத்துவதுதான் இப்போது என் வேலை. நேற்று ஒரு பெண் படுமோசமாகத் தோற்றாள். ஒரு கேம்கூட எடுக்கவில்லை. ஆனால் எட்டவே எட்டாது என்று எனக்கே தெரிந்த கடைசிப் பந்துக்கும் ஓடி, சறுக்கி, சுவரில் மோதித்தான் நின்றாள். ஜெயித்தவளுக்குக் கை கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, "நாளைக்குக் காலைல மைதானம் காலியா இருக்குமா?" என்று கேட்டாள்.

அவள் சறுக்கிய தடத்தை அடி வைத்து அளந்தேன். பதினோரு அடி. "என்னய்யா, புதையல் தேடுறியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். சுற்றிலும் சமன்படுத்திவிட்டு, அதைக் கடைசியாகத்தான் அழித்தேன்.

உன் பரீட்சைப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குக் கட்டி வைத்திருக்கிறாயாம், அம்மா சொன்னாள். இரண்டு மார்க்தானே போச்சு?

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. இங்கே சண்டை போடக்கூட எனக்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், போனை எடுத்துத் திட்டவாவது செய். வேலைக்குக் கூட்டிப்போக வேன் வந்துவிட்டது. முதலில் அந்தப் புத்தகக் கட்டை அவிழ்.

உன் வீட்டுக்காரன்