மாடி வீட்டு டூப்ளிகேட் சாவி

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கணக்கில் பாஸாகிவிட்டாள். அந்த அதிர்ச்சியிலிருந்து அவளே இன்னும் மீளவில்லை. கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் தம்பி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் உங்கள் காதில் போட்டிருப்பார். அவர் விட்டதை நான் சொல்கிறேன்.

மாடியைக் காலி செய்யச் சொல்லித் தம்பிக்குக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். குடியிருக்கும் நர்ஸம்மாவுக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது. பக்கத்துத் தெரு வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஒழுங்காக இருப்பவரை நடுவில் எழுப்ப முடியாது, உள்ளே போவதானாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். தம்பியிடம் சொன்னால், நம்ம வீட்டுக்குள்ள போக நமக்கே பர்மிஷனா அண்ணி என்று சிரிக்கிறார்.

போன வாரம் நான் மார்க்கெட் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய டூப்ளிகேட் சாவியை எடுத்துக்கொண்டு, கையில் அளவு டேப்போடு மாடிக்குப் போயிருக்கிறார். அவருடைய மூன்று கதவு பீரோ அங்கே நுழையுமா என்று பார்க்கணுமாம்! இரவு டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த நர்ஸம்மா சத்தம் கேட்டு விழித்து, பால்கனியில் நின்றவரை அப்படியே வெளியே வைத்துத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

நான் காய்கறிப் பையோடு திரும்பினால் தெருவே அண்ணாந்து நிற்கிறது. மேலே உங்கள் தம்பி, நான் ஓனரோட தம்பி என்று கத்துகிறார். எல்லாத் திருடனும் யாருக்காவது தம்பிதான் என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேலே போய், இவர் என் கொழுந்தன்தான் என்று சொல்லித் தாழ்ப்பாளைத் திறக்க வைத்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது. தூக்கம் கலைந்த கண்ணோடு வாசல் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நிம்மதியாத் தூங்க முடியாத வீடு எனக்கு வேண்டாங்க, மாசக் கடைசியில போயிடறேன் என்றார். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. அன்றைக்கே பூட்டை மாற்றி, எல்லாச் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தேன். சொல்லாமல் இனி யாரும் வரமாட்டோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

தம்பிக்குத்தான் கோபம். நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவர் பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல வந்து பிஸ்கட் டப்பாவைக் காலி செய்கிறார்கள். அடுத்த தெருவிலேயே அவருக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தேன். பீரோ தாராளமாக நுழையும். பிடித்திருக்கிறது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல வீராப்பு விடவில்லை. அண்ணன் என்ன சொல்றார்னு பார்ப்போம் என்கிறார்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. உறவு உறவுதான், வாடகை ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டவள் நான். அவளுக்கென்ன தெரியும், நான் வந்து பார்த்துக்கிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அப்புறம் இந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்பார்கள்?

திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டுங்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். சீக்கிரம் வந்தால் கூடக் கொஞ்சம் திட்டலாம். தம்பியிடம் மட்டும், அண்ணி சொன்னா சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி